குழந்தைக்குக் குடலிறக்க ஆபரேஷனா? ஒரு பழைய தியேட்டர் சிஸ்டர் சொல்வது

குழந்தையின் தொடையிடுக்கில் புடைப்பாக ஏதாவது தெரிந்தால், கையை வைத்து அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துவிடுங்கள். அழும்போது ஒன்று, அடங்கிய பிறகு ஒன்று. டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது அந்தப் புடைப்பு காணாமல் போயிருக்கும். பஸ் முழுக்கக் கத்திக்கொண்டு வந்த பிள்ளை, ஓ.பி.யில் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். "நேத்து நெல்லிக்காய் அளவு இருந்துச்சு சார்" என்று அம்மா மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். போட்டோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. பழகிய குழந்தை அறுவை டாக்டருக்குப் பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது.

நான் தென்மாவட்ட அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் அறுவைப் பிரிவில் 24 வருஷம் சிஸ்டராக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் தியேட்டரில். ஓய்வு பெற்ற பிறகு, மகள் வயிற்றுப் பேரனுக்கு மூன்றரை வயதில் இதே ஆபரேஷன், கோயம்புத்தூரில். தியேட்டருக்கு உள்ளே நின்றே பழகியவள் அன்றைக்குக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொண்டதும் இதில் உண்டு.

முதலில், இது ஏன் வருகிறது என்பது. ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்தான் இருக்கும். ஏழாம் மாதத்துக்கு மேல் அவை கீழே இறங்கும். இறங்கும்போது வயிற்றின் உள்சவ்வும் ஒரு பை போலக் கூடவே வரும். எல்லாம் முடிந்ததும் அந்தப் பையின் வாய் ஒட்டி அடைந்துவிட வேண்டும். சிலருக்கு அடைவதில்லை. சின்னதாகத் திறந்திருந்தால் வயிற்று நீர் மட்டும் கசிந்து இறங்கும், அது ஓதம். பெரிதாகத் திறந்திருந்தால் குடலே இறங்கும். பெண் குழந்தைகளுக்கும் வரும், ஆனால் குறைவு. அவர்களுக்குச் சினைப்பை இறங்கிவந்து, பட்டாணி, சுண்டல் அளவுக்கு ஒரு உருண்டையாகத் தட்டுப்படலாம். அதை நெறிக்கட்டி என்று நினைத்து மாசக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இது வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் எத்தனையோ மடங்கு அதிகம். பாதிக்கு மேல் வலது பக்கம்தான்.

"பிள்ளையை அழவிட்டு அழவிட்டுக் குடலை இறக்கிட்டா" என்று என் மகளிடமும் ஒருவர் சொன்னார். யார் என்று சொல்ல வேண்டாம், சம்பந்தம் கெட்டுவிடும். அழுகை பையை உண்டாக்குவதில்லை, பிறவியிலேயே இருக்கிற பையைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதே மாதிரி, காசு வைத்துக் கட்டுவது, பெல்ட் போடுவது, இறுக்கிக் கோவணம் கட்டுவது எதுவும் அந்த வாயை மூடாது. தொப்புள் புடைப்பு வேறு கதை. அது நாலைந்து வயதுக்குள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். ஓதத்துக்கும் ஒன்று, இரண்டு வயது வரை பொறுத்துப் பார்ப்பார்கள். தொடையிடுக்கில் இறங்கும் குடலுக்கு அந்தப் பொறுமை ஆகாது. தானாகச் சரியாகாது; அதுவும் முதல் வருஷத்தில்தான் குடல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம்.

மாட்டிக்கொண்டால் எப்படித் தெரியும்? எப்போதும் உள்ளே போகிற புடைப்பு போகாது. கல் மாதிரி இறுகும், தொட்டாலே வீறிடும். குழந்தை அடங்காது, வாந்தி எடுக்கும். பச்சையாக வாந்தி என்றால் யோசிக்கவே வேண்டாம். வயிறு உப்பும், மேல்தோல் சிவக்கும். அப்போது பாலும் தண்ணீரும் கொடுக்காமல், நீங்களாக அமுக்கித் தள்ளாமல், ராத்திரி இரண்டு மணியானாலும் குழந்தை அறுவை டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சிஸேரியன் நடக்கிற பக்கத்து நர்சிங் ஹோமில் நேரத்தை விடாதீர்கள். பெரும்பாலும் மருந்து கொடுத்து அடக்கி, டாக்டரே மெதுவாக உள்ளே தள்ளிவிடுவார், ஓரிரு நாள் கழித்து ஆபரேஷன் செய்வார்கள். தள்ள முடியாவிட்டால் அன்றே தியேட்டர்.

லேப்பா, ஓபனா?

லேப் என்றால் லேப்ராஸ்கோப்பி, சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்வது; ஓபன் என்றால் கீறிச் செய்வது. இப்போது எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "ஓட்டை போட்டுச் செய்வாங்களாமே, கத்தி வைக்காம?" இரண்டையும் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் நடப்பதைச் சொல்கிறேன்.

ஓபனில், தொடை மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் போலக் கீறுவார்கள். பையைத் தேடி எடுத்து, அதோடு ஒட்டியிருக்கும் விந்துக்குழாயையும் ரத்தக்குழாய்களையும் பிரித்து விலக்கி, பையின் கழுத்தை உயரமாகக் கட்டி வெட்டுவார்கள். அவ்வளவுதான். பெரியவர்களுக்குத் தசையைத் தாங்க வைக்கிற வலை (மெஷ்) குழந்தைகளுக்கு வைப்பதில்லை. "வலை என்ன கம்பெனி?" என்று கேட்டு வாட்ஸப்பில் விசாரிக்கிற அப்பாக்கள் கவனிக்கவும்.

லேப்ராஸ்கோப்பியில், தொப்புளில் 3 அல்லது 5 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைச் செருகி, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை மெதுவாக விடுவார்கள். வயிறு கூடாரம் மாதிரி எழும்பும். அந்தக் குழாய் வழியே கேமரா போகும். உள்ளிருந்து பார்த்தால் அந்தத் திறந்த வாய், சேற்றில் நண்டு வளை மாதிரி, துல்லியமாகத் தெரியும். அதை மூடுவதில் பல வழிகள். சிலர் இன்னும் இரண்டு மெல்லிய கருவிகளைச் செருகி உள்ளேயே தைப்பார்கள். இப்போது பரவியிருக்கிற இன்னொரு வழி, போலந்தில் டரியுஷ் பட்கோவ்ஸ்கியும் அவருடன் இருந்த டாக்டர்களும் 2006-ல் எழுதியது. சாதாரண இன்ஜெக்‌ஷன் ஊசிக்குள் நூலைக் கோத்து, தொடையிடுக்கின் தோல் வழியே உள்ளே இறக்கி, கேமராவில் பார்த்தபடி அந்த வாயைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து, வெளியே இழுத்து முடிச்சிடுவது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி வாய் மூடிக்கொள்ளும். முடிச்சு தோலுக்கு அடியில் போய்விடும்.

இதில் ஒரே ஒரு இடம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும். ஊசி விந்துக்குழாயையும் ரத்தக்குழாய்களையும் தாண்டும் இடம். அவற்றுக்கு மேலே, சவ்வுக்கு அடியில் ஊசி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சில டாக்டர்கள் சவ்வுக்கு அடியில் கொஞ்சம் சலைன் ஏற்றி, அதைக் கொப்புளம் மாதிரித் தூக்கிவிட்டுத்தான் ஊசியை நகர்த்துவார்கள். அந்த அரை நிமிஷம் எங்கள் தியேட்டரில் ரேடியோகூட அணைந்திருக்கும். பெண் குழந்தைக்கு இந்தக் குழாய் இல்லை, அதனால் இன்னும் சுலபம்.

லேப்பின் உண்மையான லாபம் தழும்பு சின்னதாக இருப்பது அல்ல. மறுபக்கமும் திறந்திருக்கிறதா என்று அதே கேமராவில் பார்த்துவிடலாம், இரண்டு பக்கமும் ஒரே ஓட்டையில் முடித்துவிடலாம். ஓபனில் செய்து திரும்ப வந்தவர்களுக்கும் நல்லது. வலியில் பெரிய வித்தியாசம் நான் கண்டதில்லை. பாதகம்: வாயு ஏற்றுவதால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முழு மயக்கம் தேவைப்படும். செலவும் கூடும். திரும்ப வருவது எந்த முறையிலும், தேர்ந்த கையில், 100-க்கு ஒன்றிரண்டுதான்.

ஆகவே "லேப் பண்ணுவீங்களா?" என்பதை மூன்றாவது கேள்வியாக வையுங்கள். முதல் கேள்வி, "மயக்க மருந்து கொடுப்பவர் தினமும் குழந்தைகளுக்குக் கொடுப்பவரா?" என்பது. இரண்டாவது, "இந்த ஆபரேஷன் நீங்கள் வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" முகம் சுளிக்கிறாரா, விரல் விட்டு எண்ணிச் சொல்கிறாரா என்று பாருங்கள். ஓபன் நன்றாகச் செய்கிறவரைக் கட்டாயப்படுத்தி லேப் செய்யவைப்பது, நம் வீட்டு வேலைக்கு வந்த நல்ல கொத்தனாரிடம் கிரானைட் பாலிஷ் போடச் சொல்கிற மாதிரி. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு ஓபன்தான் நடந்தது. தழும்பு எங்கே என்று இப்போது அவள் அம்மாவுக்கே தேடித்தான் தெரிகிறது.

குறைமாதக் குழந்தையென்றால் கணக்கு மாறும். மயக்கத்துக்குப் பிறகு மூச்சு நின்று நின்று வரும் ஆபத்து உண்டு என்பதால், ஒரு ராத்திரியாவது வைத்துப் பார்ப்பார்கள். எப்போது செய்வது என்பதிலும் கருத்து மாறிவருகிறது. 2024-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 55 வாரம் தாண்டும்வரை காத்திருந்து செய்தவர்களில் 100-க்கு 18 பேருக்கும், சீக்கிரம் செய்தவர்களில் 28 பேருக்கும் கடும் சிக்கல்கள் வந்தன. காத்திருப்பதா என்பதை டாக்டர்தான் குழந்தையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீங்கள் குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை எவ்வளவு என்பதை மறக்காமல் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று, கையெழுத்துப் போடும் முன். "உள்ளே பார்க்கும்போது மறுபக்கமும் திறந்திருந்தால் என்ன செய்வீர்கள்?" திறந்திருப்பதெல்லாம் பின்னால் குடலிறக்கமாக வரும் என்றில்லை. சிலர் கட்டிவிடுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். பாதி ஆபரேஷனில் சிஸ்டர் வெளியே வந்து உங்களிடம் கேட்டால் உங்களுக்குக் கைகால் நடுங்கும். முன்கூட்டியே பேசி, படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்வதானால் முன்அனுமதி வாங்க வேண்டும். காப்பீட்டு கவுன்டரில் சில நாள் முன்னதாகவே போய்க் கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு ஓடுகிற அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள்

சளி, காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காதீர்கள். "லீவு போட்டாச்சு, எப்படியாவது முடிச்சிருங்க" என்று கெஞ்சாதீர்கள். சளி உள்ள குழந்தைக்கு மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். சில வாரம் தள்ளிப்போடுவதுதான் சரி. அந்த வாரத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஆடுகிற பல் இருந்தால், மயக்க டாக்டரிடம் எந்தப் பல் என்று காட்டுங்கள். டியூப் போடும்போது விழுந்து உள்ளே போனால் வம்பு. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததா, அடிபட்டால் ரத்தம் நிற்காமல் ஓடுமா, இதையும் கேட்பார்கள்.

சோப்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். தொப்புளுக்குள் இருக்கும் அழுக்கை மெதுவாக எடுத்துவிடுங்கள், கேமரா போகிற வாசல் அதுதான். எண்ணெய் தேய்க்க வேண்டாம், நெஞ்சில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வழுக்கும். மருதாணி, நகப்பாலிஷ் விரலில் இருந்தால் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம். அரைஞாண் கயிறு, கொலுசு, கறுப்பு வளையல், தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். தியேட்டர் வாசலில் நாங்கள் கத்தரிக்கோலை எடுத்தால் பாட்டிகள் அபசகுனம் என்று அழுவார்கள். நானும் ஒரு பாட்டிதானே, பேரனின் வெள்ளிக்கொடியை முந்தின ராத்திரியே கழற்றி பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பட்டினி பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்துவேன், மன்னிக்கவும். பொதுவான கணக்கு 6-4-2. சோறு, இட்லி, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் நாலு மணி நேரம். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அவர் சொன்னதுதான். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும், அதற்குத்தான் இத்தனை கெடுபிடி. அதற்காக ராத்திரி எட்டு மணியிலிருந்தே காயப்போடவும் வேண்டாம். ஆபரேஷன் காலை 11 மணி என்றால், விடிகாலை நாலரைக்கு எழுப்பி ஏதாவது கொடுத்து ஐந்துக்குள் முடித்துவிட்டு, ஒன்பது மணி வரை தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது: காலை எட்டு மணி ஆபரேஷனுக்கு, ஆறரைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்க வீட்டுக்காரர் பேரனுக்கு ஒரு மாரி பிஸ்கட் கொடுத்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா, பாவம் பசிக்குதுங்கறான்." 24 வருஷம் மற்றவர்களின் தாத்தாக்களைத் திட்டிய எனக்கு, என் வீட்டுத் தாத்தா. ஒரு நிமிஷம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. போய்ச் சொன்னேன். மயக்க டாக்டர் ஒரு வார்த்தை கோபப்படாமல் லிஸ்டில் கடைசிக்கு, மதியம் ஒரு மணிக்குத் தள்ளினார். அதுவரை பேரனை வைத்துக்கொண்டு கேன்டீன் வாசனை வராத பக்கமாகச் சுற்றினோம். தண்டனை தாத்தாவுக்கும் சேர்த்துத்தான். அவரையும் சாப்பிட விடவில்லை.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசியே போடமாட்டாங்க" என்றால் அடுத்த தடவை நீங்கள் சொல்கிற எதையும் நம்பாது. "ஒரு மாஸ்க் வைப்பாங்க, மார்க்கர் பேனா மாதிரி வாசனை வரும், தூங்கிருவே, எந்திரிக்கும்போது அம்மா இருப்பேன்" என்று சொன்னால் மூன்று வயதுக்கு அது போதும். டாக்டர் வந்து எந்தப் பக்கம் என்று தோலில் பேனாவால் குறி போடுவார். அதை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள், நீங்களும் சரி பாருங்கள். பேரனுக்கு வலது பக்கம் ஒரு அம்பு போட்டார். அதை அவன் ராக்கெட் என்று வார்டு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தான்.

கதவு மூடிய பிறகு

ஆபரேஷன் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். ஆனால் தூங்கவைத்து, வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் போடும் குழாய்) போட்டு, சுத்தம் செய்து, முடிந்ததும் எழுப்பி வெளியே கொண்டுவர ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். முக்கால் மணி தாண்டியதும் கதவைத் தட்டாதீர்கள்.

வெளியே வந்ததும் பல பிள்ளைகள், அதிலும் இந்த வயதில், பேய் பிடித்த மாதிரிக் கத்தும், உதைக்கும், அம்மாவையே தள்ளிவிடும். "என்னையே அடையாளம் தெரியலம்மா அவனுக்கு" என்று என் மகள் அழுதுவிட்டாள். அது வலியால் மட்டும் வருவதல்ல, மருந்து இறங்கும்போது வருகிற குழப்பம். கேள்வி கேட்காமல், கொஞ்சாமல், விழாமல் மட்டும் பிடித்துக்கொண்டு, வென்ஃப்ளானைப் பிடுங்காமல் பாருங்கள். பத்து நிமிஷம், மிஞ்சினால் அரை மணி. பிறகு தூங்கி எழுந்து "இட்லி" என்று கேட்கும். பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வீடு.

வீட்டில்

வலிக்கு முதல் இரண்டு நாள் பாரசிட்டமால் நேரப்படி கொடுங்கள், அழுத பிறகு அல்ல. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சக் கணக்கு. இங்கேதான் தப்பு நடக்கும். நம் கடைகளில் அதே பெயரில் இரண்டு பலத்தில் சிரப் இருக்கிறது: 5 மி.லி.யில் 120 அல்லது 125, இன்னொன்று 250. 14 கிலோ பிள்ளைக்கு 210 மில்லிகிராம் என்றால், 120 பாட்டிலில் ஏறக்குறைய எட்டேமுக்கால் மி.லி., 250 பாட்டிலில் நாலுக்குச் சற்று மேல். சீட்டில் எழுதிய பாட்டில்தான் கையில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

முதல் நாள் தோளில் வலிக்கிறது என்று சொன்னால் பயப்படாதீர்கள். லேப்பில் ஏற்றிய வாயு மிச்சமிருந்து, உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) உறுத்துவதால் தோளில் தெரியும், ஓரிரு நாளில் போய்விடும். விதைப்பை கொஞ்சம் வீங்கியிருக்கலாம், வாரக்கணக்கில் வற்றும். தொடையிடுக்கில் கடுகு மாதிரி முடிச்சு தட்டுப்பட்டால் அதுதான் அந்த நூல். அதைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காதீர்கள். என் மகள் செய்தாள்.

காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். குளிப்பது டாக்டர் சொன்ன நாளிலிருந்து. வழக்கமாக இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் படலாம், தொட்டியில் உட்காரவைக்க மட்டும் பொறுங்கள். டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். பத்தியம் கிடையாது. கத்தரிக்காய் சேராது, மீன் சேராது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வழக்கமான சோறே போடுங்கள். மலம் இறுகாமல் பப்பாளி, தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள்; முக்கினால் வலிக்கும், வலித்தால் அடக்கும், அடக்கினால் இன்னும் இறுகும். ஓடுகிற பிள்ளையைக் கட்டிப்போட முடியாது, தேவையும் இல்லை. ஸ்கூலுக்கு ஒரு வாரம் போல லீவு, சைக்கிளும் மரமேறுவதும் இரண்டு, மூன்று வாரம் கழித்து.

திரும்பக் கொண்டுபோக வேண்டியது எப்போது? 101-க்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, காயம் சிவந்து சீழ் வைப்பது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பழைய இடத்திலேயே அழும்போது மறுபடி புடைப்பு. இதில் எதுவானாலும் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு, குறித்துக் கொடுத்த தேதியில் ஒருமுறை காட்ட வேண்டும். பிள்ளை நன்றாக ஓடுகிறானே என்று பாதிப்பேர் போவதே இல்லை. ஆண் குழந்தைக்கு அந்தச் செக்கப் முக்கியம், விதை கீழேதான் இருக்கிறதா, ஆறும்போது மேலே இழுத்துக்கொண்டதா என்று டாக்டர் தொட்டுப் பார்ப்பார். எங்கள் செக்கப்பில் டாக்டர் பேரனிடம், "எங்கடா ஆபரேஷன் பண்ணினாங்க?" என்று கேட்டார். அவன் சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினான். "ராக்கெட் எங்கே?" என்றார். குளித்ததில் அழிந்துபோச்சு, இன்னொன்று வரையுங்கள் என்று வலது காலை நீட்டினான்.